புது லேத் வீட்டுக்கு வந்தாச்சு, ஆனா சரியா ஓடல: எந்தக் குறைக்கு எங்க பாக்கணும்

கோயமுத்தூர்ல என் வீட்டுக்குப் பின்னாடி 10க்கு 12 அடி ஷெட்டு, அதுல ரெண்டு லேத் (இரும்ப சுத்த விட்டு கடையிற மெஷின்) இருக்குங்க. ஒண்ணு 40 கிலோ கிட்ட வர்ற சைனா மினி லேத், 7க்கு 14ன்னு (இன்ச் கணக்குல விட்டமும் நீளமும்) சொல்வாங்களே அது. இன்னொண்ணு ராஜ்கோட்ல இருந்து வந்த நாலரை அடி பெட் (மத்த பாகத்தையெல்லாம் தாங்குற நீள இரும்பு) இருக்கிற லேத், 1 ஹெச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார். கூட ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு பெஞ்ச் கிரைண்டர். இது நாலையும் இறக்கி உக்கார வச்சதுல, அப்புறம் தெரிஞ்சவங்க வீட்டுல வந்து இறங்குனதுக்குப் போய் நின்னதுல, நான் பாத்த வரைக்கும் முதல் வாரத்துல வர்ற குறை முக்கால்வாசி மெஷினோடது இல்ல. அத உக்கார வச்சதுலயும், துடைச்சதுலயும், கரண்ட் குடுத்ததுலயும்தான் இருக்கு. அதனால மெஷின் மட்டம், திருப்பி அனுப்பிடலாம்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி கீழ இருக்கிறத ஒரு தடவ பாருங்க.

எந்தக் குறையா இருந்தாலும் முதல் வேலை ஒண்ணுதான். பிளக்க புடுங்கி கண்ணுக்குத் தெரியற மாதிரி வெளிய வச்சுட்டு, சக்க (கடையிற ராட தாடையால புடிச்சு சுத்துற பாகம்) கையால ரெண்டு சுத்து சுத்துங்க. ஒரே சீரா சுத்துதா, ஒரு இடத்துல மட்டும் புடிக்குதா, கரகரன்னு இருக்கா, அசையவே இல்லையா. இந்த நாலுல எதுன்னு தெரிஞ்சாலே பாதி விடை கிடைச்சிடும்.

பெட்டி உடைஞ்சு வந்திருக்கு, கைப்பிடி வளைஞ்சிருக்கு

பார்சல் ஆபீஸ்ல எல்.ஆர். (லாரி ரசீது) காப்பியில கையெழுத்து போடுறதுக்கு முன்னாடியே பெட்டிய நாலு பக்கமும் போட்டோ எடுங்க, பலகை உடைஞ்சிருந்தா அந்தக் காப்பியிலயே எழுதிட்டு அப்புறம் கையெழுத்து போடுங்க, எழுதாம வாங்கிட்டு வந்துட்டா அடுத்த நாள் நாம சொல்றத யாரும் காதுல வாங்க மாட்டாங்க. கைப்பிடி வளைஞ்சிருந்தா சரி பண்ணிடலாம். வார்ப்பு இரும்புல விரிசல் விட்டிருந்தா அது வேற கதை, பெட் கால் பக்கம், கியர் கவர் மாட்டுற இடம், டெயில் ஸ்டாக் (சக்குக்கு எதிர் முனையில ராட தாங்குறது) அடிப்பக்கம் இந்த மூணையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. பெயிண்ட்ல கோடு தெரிஞ்சா அந்த இடத்துல சீமெண்ணெய் தடவி, துணியால துடைச்சு, மேல சாக்பீஸ் தூள் தூவுங்க. உண்மையான விரிசலா இருந்தா கொஞ்ச நேரத்துல அந்தக் கோட்டுல மட்டும் தூள் ஈரமாகும்.

பெரிய லேத்த தூக்கும்போது சக்குலயோ, லீடு ஸ்க்ரூவுலயோ (திரெட் போட டூல நகத்துற நீள ஸ்க்ரூ), ஸ்பிண்டில்லயோ (சக்க சுத்துற தண்டு) தூக்குற பெல்ட்ட மாட்டவே கூடாது, லீடு ஸ்க்ரூ வளைஞ்சா அது கண்ணுக்குத் தெரியாது, திரெட் போடும்போதுதான் காட்டிக் குடுக்கும். பெட்டுக்கு அடியில பெல்ட்ட விட்டு, கேரேஜையும் (டூல் உக்காந்து பெட் மேல நகர்ற பகுதி) டெயில் ஸ்டாக்கையும் நகத்தி நகத்தி எடை நடுவுக்கு வர்ற மாதிரி பண்ணிட்டு செயின் பிளாக்ல தூக்குங்க. லேத்துக்கு மேல்பக்கமும் ஹெட் ஸ்டாக் (சக்கு, ஸ்பிண்டில் இருக்கிற முனை) பக்கமும்தான் எடை அதிகம், சாஞ்சா புடிச்சிடலாம்னு கைய குடுக்காதீங்க, விட்டுட்டு விலகிடுங்க.

எல்லாம் பிசுபிசுன்னு இருக்கு, ஹேண்டில் சுத்தவே கனமா இருக்கு

அது துரு புடிக்காம இருக்க தடவி அனுப்புற கிரீஸ். அத லூப்ரிகேஷன்னு நினைச்சு அப்படியே ஓட்டுனீங்கன்னா அதுல ஒட்டியிருக்கிற மணலும் இரும்புத் தூளும் சேந்து பெட்ட அரைச்சிடும். சீமெண்ணெய் கிடைச்சா சீமெண்ணெய், இல்லன்னா டீசல், பிரஷ்ஷால தேய்ச்சு பனியன் வேஸ்ட்டால துடைங்க. பெட்ரோல் வேண்டவே வேண்டாம், மூடுன ஷெட்டுக்குள்ள ஒரு பொறி போதும். கிராஸ் ஸ்லைடையும் டாப் ஸ்லைடையும் (கேரேஜ் மேல டூல நகத்துற ரெண்டு பகுதி) முழுசா கழட்டி உள்ள துடைக்கணும், மேலோட்டமா துடைச்சா பத்தாது, மினி லேத்துல ஜிப்புக்குப் (ஸ்லைடோட இடைவெளிய சரி பண்ற தகடு) பின்னாடி கிரைண்டிங் தூள் இருக்கிறத நானே எடுத்திருக்கேன். துடைச்ச கையோட ஆயில் போட்டுடுங்க, சீமெண்ணெய் காஞ்சதும் இரும்பு வெறும் இரும்பா நிக்கும், மழைக்காலமா இருந்தா காலையில எந்திரிச்சுப் பாக்கும்போது பழுப்பு நிறத்துல இருக்கும். பெட்டுக்கு 68 கிரேடு ஸ்லைடுவே ஆயில் நல்லது.

துடைச்சதுக்கு அப்புறமும் கனமா இருந்தா ஜிப் ஸ்க்ரூ அதிகமா இறுகியிருக்கு. ஒவ்வொண்ணா லாக் நட்ட தளத்தி, ஸ்க்ரூவ லேசா தொடுற அளவுக்கு வச்சு, அங்கேயே புடிச்சுக்கிட்டு நட்ட இறுக்குங்க. முழு நீளத்துக்கும் நகத்திப் பாக்கும்போது ஒரு இடத்துல மட்டும் கனமா இருந்தா ஸ்க்ரூ வளைஞ்சிருக்கான்னு பாக்கணும். ஹேண்டில திருப்பும்போது 0.2, 0.3 மி.மீ. பிளே இருக்கிறது குறை இல்ல, எப்பவும் ஒரே பக்கத்துல இருந்து வந்து அளவு எடுத்தா அது தொந்தரவு பண்ணாது.

சுவிட்ச் போட்டா ஒண்ணுமே ஆகல

மினி லேத்துல இது ரொம்ப சகஜம். ஸ்பீடு நாப் பூஜ்யத்துல இருந்துதான் ஆரம்பிக்கணும், முன்னாடியே திருப்பி வச்சிருந்தா உள்ள இருக்கிற எலக்ட்ரானிக் போர்டு மோட்டார ஸ்டார்ட் பண்ண விடாது, அது பாதுகாப்புக்கு வச்சது. நாப்ப முழுசா இடப்பக்கம் திருப்பி டக்குனு சத்தம் வந்ததும் மறுபடி மெதுவா ஏத்துங்க. அப்புறம் சிவப்பு எமர்ஜென்சி பட்டன் வெளிய வந்திருக்கா, சக்கு மேல இருக்கிற கார்டு முழுசா கீழ இறங்கியிருக்கா (அதுல ஒரு மைக்ரோ சுவிட்ச் இருக்கு), பார்வர்டு ரிவர்ஸ் சுவிட்ச் நடுவுல நிக்குதான்னு பாத்துட்டு கடைசியா பியூஸ். மாத்துன பியூஸ் உடனே போச்சுன்னா இன்னொண்ணு போடாதீங்க, உள்ள இரும்புத் தூள் போர்டுல விழுந்திருக்கலாம், இல்ல வண்டி குலுக்கல்ல ஒயர் ஏதாவது கழண்டு பாடியில பட்டிருக்கலாம். போர்டு பெட்டிய திறக்கணும்னா பிளக்க புடுங்கி 10 நிமிஷம் கழிச்சு திறங்க, கெப்பாசிட்டர்ல கரண்ட் நிக்கும்.

உர்ர்ருன்னு சத்தம் வருது, சக்கு சுத்தல

உடனே ஆஃப் பண்ணுங்க, பத்து செகண்டு விட்டாலும் மோட்டார் காயில் சூடேறிடும். பிளக்க புடுங்கிட்டு கையால சுத்துங்க.

கையால சுத்த முடியலன்னா: கோன் புல்லி (படிப்படியா இருக்கிற பெல்ட் சக்கரம்) வச்ச லேத்தா இருந்தா பேக் கியரப் (ஸ்பீட குறைக்கிற கூடுதல் கியர்) பாருங்க. பேக் கியரும் மாட்டியிருந்து, புல்லியையும் பெரிய கியரையும் சேக்கிற பின்னும் உள்ள இருந்துச்சுன்னா ஸ்பிண்டில் தானாவே லாக் ஆயிடும், ரெண்டுல ஒண்ணுதான் இருக்கணும். புது லேத்துல ஹெட் ஸ்டாக் உடைஞ்சு போச்சுன்னு பதறிப்போய் கூப்பிட்ட ஒரு தம்பிக்கு இதுதான் விஷயம், போன்லயே சரியாயிடுச்சு. அதுவும் இல்லன்னா பயணத்துக்காக வச்ச மரக்கட்டை ஏதாவது கியருக்குள்ள இருக்கான்னு பாருங்க.

கையால லேசா சுத்துதுன்னா: வோல்டேஜ், கெப்பாசிட்டர், இல்ல மோட்டாருக்குள்ள இருக்கிற சென்ட்ரிபியூகல் சுவிட்ச் (வேகம் புடிச்சதும் ஸ்டார்ட்டிங் காயில கட் பண்றது). முதல்ல வோல்டேஜ், அதுவும் மோட்டார் ஸ்டார்ட் ஆகுற நேரத்துல பிளக் பாயிண்ட்லயே அளக்கணும், சும்மா இருக்கும்போது 230 காட்டும், ஸ்டார்ட் பண்ணும்போது 180க்கு விழும். 1 ஹெச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடும்போது 6, 7 ஆம்பியர்தான், ஸ்டார்ட் ஆகும்போது அதுக்கு 5 மடங்கு இழுக்கும், டிவிக்கு வச்சிருக்கிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல அத எதிர்பாக்கக் கூடாது. மெயின் போர்டுல இருந்து தனியா 2.5 ஸ்கொயர் மி.மீ. ஒயர், 16 ஆம்பியர் சாக்கெட்டு. ஒயர் சரியா இருந்தும் உறுமுதுன்னா கெப்பாசிட்டர மாத்திப் பாருங்க, அது விலை கம்மி.

எம்.சி.பி. விழுது, ஆர்.சி.சி.பி. விழுது

ரெண்டும் வேற வேற, எம்.சி.பி. கரண்ட் அளவ மீறினா விழுற சுவிட்ச், ஆர்.சி.சி.பி. கரண்ட் கசிஞ்சா விழுற சுவிட்ச். ஸ்டார்ட் பண்ற அந்த ஒரு நொடியில எம்.சி.பி. விழுந்தா பெரும்பாலும் அது பி டைப்பா இருக்கும், அளவ விட 3லருந்து 5 மடங்கு கரண்ட் வந்தாலே விழுந்துடும், மோட்டாருக்கு சி டைப் போடுங்க, அது 5லருந்து 10 மடங்கு வரை. ஆனா ஆம்பியர மட்டும் ஏத்திடாதீங்க, ஒயர் தாங்குற அளவுதான் எம்.சி.பி. இருக்கணும்.

ஆர்.சி.சி.பி. விழுந்தா கரண்ட் எங்கயோ எர்த்துக்கு கசியுதுன்னு அர்த்தம். மழையில நனைஞ்சு வந்த மெஷினா இருந்தா மோட்டார் டெர்மினல் பாக்ஸ திறந்து வெயில்ல ரெண்டு நாள் காய விடுங்க. வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்த மாத்துற எலக்ட்ரானிக் டிரைவ்) போட்டிருந்தா அதோட பில்டர் வழியா கொஞ்சம் கரண்ட் எர்த்துக்குப் போகத்தான் செய்யும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. 15ஐத் தாண்டினாலே விழலாம், வீட்டுல மத்த சாமானோட கசிவும் அதுல சேரும். அதனால மெஷினுக்குன்னு தனி ஆர்.சி.சி.பி. வச்சுக்கோங்க. அத தூக்கிட்டு நேரா குடுத்துடலாம்னு எலக்ட்ரீசியன் சொன்னா ஒத்துக்காதீங்க, இரும்பு மெஷின ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு சிமெண்ட் தரையில நிக்கப்போறது நாமதான்.

பாடியில கை வச்சா சுர்ருங்குது

எர்த் இல்ல. வேற காரணம் தேடவே வேண்டாம், முதல்ல மெஷின நிறுத்துங்க. மினி லேத் போர்டுலயும் வி.எஃப்.டி.யிலயும் பில்டர் கெப்பாசிட்டர் பாடிக்கு போயிருக்கும், எர்த் ஒயர் அந்துபோனா பாடியில பாதி வோல்டேஜ் நிக்கும். சாக்கெட்டுல மூணாவது ஓட்டை இருக்குங்கிறதால எர்த் இருக்குன்னு அர்த்தம் கிடையாது, பழைய வீடுகள்ல அதுக்குப் பின்னாடி ஒயரே இருக்காது. ஒரு நல்ல எலக்ட்ரீசியன கூப்பிட்டு எர்த் குழியில இருந்து செக் பண்ணச் சொல்லுங்க.

தலைகீழா சுத்துது

3 பேஸா இருந்தா எந்த ரெண்டு ஒயரையும் மாத்துனா சரியாயிடும். சிங்கிள் பேஸ்னா ஸ்டார்ட்டிங் காயிலோட ரெண்டு முனையையும் மாத்தணும். ஆனா ஒண்ணு, ஸ்பிண்டில்ல திரெட் போட்டு சக்கு மாட்டுற லேத்தா இருந்தா தலைகீழா ஓடும்போது சக்கு கழண்டு பறக்கும். முதல் முதல்ல கரண்ட் குடுக்கும்போது சக்க கழட்டி வச்சுட்டு, குறைஞ்ச ஸ்பீடுல, எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாருங்க. ஈபிக்காரங்க டிரான்ஸ்பார்மர்ல வேலை பாத்துட்டுப் போனா பேஸ் மாறி இருக்கலாம், 3 பேஸ் வச்சிருக்கிறவங்க அன்னைக்கும் இதப் பண்ணணும்.

வி.எஃப்.டி. வைக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. 230 சிங்கிள் பேஸ் வாங்கி 3 பேஸ் குடுக்கிற வி.எஃப்.டி. வெளிய குடுக்கிறதும் 230தான், அதனால மோட்டார டெல்டாவுல கட்டணும் (டெல்டா, ஸ்டார்ங்கிறது மோட்டார் காயில இணைக்கிற ரெண்டு முறை), பிளேட்ல 230 டெல்டா, 415 ஸ்டார்னு போட்டிருந்தாதான் அது முடியும். ஸ்டாரா இருந்தா ஓடும், ஆனா சக்தியே இருக்காது, நிறைய பேர் மெஷின் வீக்குன்னு சொல்றது இதத்தான். வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவுல எந்த சுவிட்சும் வைக்காதீங்க, ஓடும்போது கட் பண்ணா டிரைவ் போயிடும்.

ஹெட் ஸ்டாக்குல கரகரன்னு சத்தம், சூடு

கியர் பாக்ஸ் ஆயில வடிச்சுட்டுதான் லாரியில ஏத்துவாங்க. வந்ததும் ஊத்தணும். என் லேத் வந்தப்போ ஆயில் ஊத்திதான் அனுப்பியிருக்கோம்னு போன்ல சொன்னாங்க, ஆயில் கண்ணாடியிலயும் பாதி அளவுக்கு கோடு தெரிஞ்சுது, எனக்கு என்னமோ மனசு கேக்காம மேல் மூடிய திறந்து விரல விட்டுப் பாத்தா கியரெல்லாம் வறண்டு கிடக்கு, கண்ணாடியில தெரிஞ்சது டெஸ்டிங்ல ஊத்துன ஆயிலோட கறை. அன்னைக்கு அப்படியே ஓட்டியிருந்தா பேரிங் அரை மணி நேரத்துல போயிருக்கும். கண்ணாடிய நம்பாதீங்க, மூடிய திறந்து பாருங்க.

ஊத்துனதுக்கு அப்புறம் குறைஞ்ச ஸ்பீடுல 15 நிமிஷம், நடு ஸ்பீடுல 15 நிமிஷம் சும்மா ஓட்டுங்க. பேரிங் மேல கை வச்சுக்கிட்டே இருக்க முடிஞ்சா அது சரியான சூடு, கைய எடுக்க வேண்டியிருந்தா பேரிங் நட் அதிகமா இறுகியிருக்கு. மினி லேத்துல ஹை லோ லீவர ஓடும்போது மாத்தாதீங்க, உள்ள இருக்கிறது பெரும்பாலும் பிளாஸ்டிக் கியர்.

சக்குல புடிச்ச ராடு ஆடுது

டயல் கேஜ (ஆட்டத்த முள்ளுல காட்டுற அளவு கருவி) முதல்ல ராடுல வைக்காதீங்க, சக்க கழட்டிட்டு ஸ்பிண்டில் முகத்துல வைங்க. அங்க 0.01 மி.மீ.க்குள்ள இருந்தா ஸ்பிண்டில் நல்லா இருக்கு, சந்தோஷப்படுங்க. அப்புறம் சக்கு உக்கார்ற இடத்துல பெயிண்ட், கிரீஸ், சின்ன பிசிறு எல்லாம் துடைச்சு மறுபடி மாட்டுங்க. தாடைகள்ல 1, 2, 3ன்னு நம்பர் இருக்கும், அதே வரிசையில போகணும், மாத்திப் போட்டா ராடு மில்லி கணக்குல ஆடும். எல்லாம் சரியா இருந்தும் 3 தாடை சக்குல 0.05, 0.08 ஆட்டம் இருந்தா அது குறையே இல்லங்க. ஒரே புடியில டர்னிங் பண்ணி முடிக்கிற வேலைக்கு அது தெரியவே தெரியாது, திருப்பிப் புடிக்கணும்னா 4 தாடை சக்குல டயல் வச்சு செட் பண்ணிக்கோங்க.

ஒரு முனை பெருசு, ஒரு முனை சிறுசு

இந்தக் குறைக்குத்தான் நல்ல மெஷின்கள கெடுத்துக்கிறாங்க. இப்படி டேப்பர் (சாய்வு) வந்ததும் ஹெட் ஸ்டாக் போல்ட்ட தளத்தி தட்ட ஆரம்பிச்சிடுறாங்க, அதுக்கப்புறம் ஃபேக்டரியில வச்ச செட்டிங்கும் போச்சு. பெரும்பாலும் தப்பு மெஷினோட கால்ல இருக்கும். பெட்டு இரும்புதான், ஆனா முறுக்கு வாங்கும். மேடு பள்ளமா இருக்கிற டேபிள் மேல வச்சு நாலு போல்ட்டையும் இறுக்குனா டேபிள் எப்படியோ பெட்டும் அப்படியே முறுக்கிக்கும்.

மொதல்ல நாலு போல்ட்டையும் தளத்துங்க. எந்தக் காலுக்கு அடியில சந்து இருக்குன்னு ஃபீலர் கேஜ (சந்த அளக்கிற மெல்லிசு தகடுகள்) விட்டுப் பாத்து, அந்தச் சந்துக்கு மட்டும் தகடு வச்சு நிரப்புங்க. கூல் டிரிங்க்ஸ் டின்னோட தகடு 0.1 மி.மீ. கிட்ட இருக்கும், வெட்டி வைக்க வசதி. அப்புறம் போல்ட்ட இறுக்குங்க. 0.02 மி.மீ. லெவல் (நுணுக்கமான மட்டக் கருவி) ஓசி கிடைச்சா பெட்டுக்கு குறுக்கால ஹெட் ஸ்டாக் பக்கமும் டெயில் ஸ்டாக் பக்கமும் வச்சுப் பாருங்க, குமிழி ரெண்டு இடத்துலயும் ஒரே இடத்துல நிக்கணும். கொத்தனார் மட்டப்பலகை இதுக்கு ஆகாது. மெஷின் பூமிக்கு மட்டமா இருக்கணும்னு அவசியம் இல்ல, கப்பல்ல கூட லேத் ஓடுதே, ரெண்டு முனையும் ஒண்ணுக்கொண்ணு முறுக்கு இல்லாம இருந்தா போதும்.

லெவல் இல்லாதவங்களுக்கும் வழி இருக்கு. 30 மி.மீ. தடிமன்ல எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) ராடு எடுத்து சக்குல இருந்து 120 மி.மீ. வெளிய நீட்டி புடிங்க, டெயில் ஸ்டாக் சென்டர் குடுக்கக் கூடாது. நடுவுல கொஞ்சம் குறைச்சு கடைஞ்சு, சக்கு பக்கம் ஒண்ணு, முனையில ஒண்ணுன்னு 15 மி.மீ. அகலத்துல ரெண்டு வளையம் விடுங்க. கூர்மையான டூல், 0.1 மி.மீ. ஆழம், கிராஸ் ஸ்லைட தொடாம ரெண்டு வளையத்தையும் ஒரே ஓட்டத்துல கடைஞ்சு மைக்ரோமீட்டர்ல அளங்க. மெல்லிசு ராடா இருந்தா முனையில வளைஞ்சு குடுக்கும், அப்பவும் முனை பெருசாதான் வரும், அதனாலதான் தடிமனா எடுக்கச் சொல்றேன்.

முனை வளையம் பெருசா இருந்தா, அந்தப் பக்கம் டூல் உங்கள நோக்கி விலகி இருக்கு. டெயில் ஸ்டாக் பக்கம் இருக்கிற கால்கள்ல நீங்க நிக்கிற பக்கத்துக் கால கொஞ்சம் உசத்துங்க. முனை சிறுசா இருந்தா அதே முனையில பின்னாடி கால உசத்துங்க. ஒரு தகடு வை, இறுக்கு, ஒரு கட் எடு, அள, திரும்ப. எனக்கு பெரிய லேத்துல ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க போச்சு, 0.09ல ஆரம்பிச்சு சாயங்காலம் 0.01க்கு வந்துது. 100 மி.மீ. நீளத்துல 0.02க்குள்ள வந்துட்டா வீட்டு வேலைக்கு தாராளம். இதெல்லாம் பண்ணியும் வரலன்னா அப்பதான் ஹெட் ஸ்டாக். ரெண்டு சென்டர் நடுவுல புடிக்கும்போது மட்டும் டேப்பர் வந்தா அது டெயில் ஸ்டாக் தள்ளி நிக்கிறது, அத பக்கத்துல இருக்கிற ஸ்க்ரூவுலயே சரி பண்ணிடலாம்.

கட்டிங்ல நடுங்குது, கீச்சுன்னு கத்துது

டூல் போஸ்ட்ட கையால புடிச்சு முன்ன பின்ன இழுத்துப் பாருங்க, டயல் வச்சுக்கிட்டு. அசையுதுன்னா ஜிப் தளர்வு, கேரேஜ்க்கு அடியில இருக்கிற தகடையும் மறக்காதீங்க, மினி லேத்துல பெரும்பாலும் அங்கதான். அசையலன்னா டூல் வெளிய நீட்டியிருக்கிற நீளத்த குறைங்க, டூல் முனை சென்டர் உயரத்துல இருக்கான்னு பாருங்க. அதுக்கு ஜாபுக்கும் (கடையிற இரும்பு) டூலுக்கும் நடுவுல ஒரு மெல்லிசு ஸ்டீல் ஸ்கேல லேசா அழுத்திப் புடிச்சா போதும், ஸ்கேல் செங்குத்தா நின்னா சரி, மேல் பக்கம் உங்கள நோக்கி சாஞ்சா டூல் கீழ இருக்கு, அந்தப் பக்கம் சாஞ்சா மேல இருக்கு. இதுக்கு அப்புறமும் நடுங்கினா ஸ்டாண்டு. ஆங்கிள்ல வெல்டு வச்ச லேசான டேபிள் மேல வச்சிருந்தா மெஷின் மேல எந்தத் தப்பும் இல்ல, டேபிள தரையோட போல்ட் பண்ணுங்க, கீழ் தட்டுல மணல் மூட்டை ரெண்டு வைங்க.

டிரில் சக்கு கழண்டு விழுது, கிரைண்டர் அதிருது

டிரில்ல சக்கு சொருகுற சாய்வான டேப்பர் ரெண்டுலயும் கிரீஸ் இருக்கு, தின்னர் போட்டு வறண்டு போற வரைக்கும் துடைங்க, சக்கு தாடைய முழுசா உள்ள இழுத்துட்டு மரச்சுத்தியால ஒரே அடி. அவ்வளவுதான்.

கிரைண்டர்ல கல்ல கழட்டி விரல்ல தொங்கவிட்டு ஸ்க்ரூ டிரைவரோட மரப்பிடியால தட்டுங்க, கணீர்னு வரணும், பொத்துன்னு வந்தா உள்ள விரிசல் இருக்கு, அந்தக் கல்ல உடைச்சுப் போட்டுடுங்க, வேற யாரும் எடுத்து மாட்டக் கூடாது. கல்லோட ரெண்டு பக்கமும் இருக்கிற பேப்பர கிழிக்காதீங்க, அது இறுக்கத்த பரப்புறதுக்கு வச்சது. ரெஸ்ட்டுக்கும் கல்லுக்கும் 3 மி.மீ.க்கு மேல சந்து வேண்டாம். சுவிட்ச் போட்டதும் ஒரு நிமிஷம் பக்கவாட்டுல விலகி நில்லுங்க.

திரெட் போட்டா நட்டு ரெண்டு சுத்துலயே இறுகுது

பத்து திரெட்டு நீளத்த வெர்னியர்ல அளங்க. 1.5 மி.மீ. பிட்ச் (ஒரு திரெட்டுக்கும் அடுத்ததுக்கும் உள்ள தூரம்) வச்சு கடைஞ்சது 15 மி.மீ. வரணும். 15.9 கிட்ட வந்தா மெஷின்ல இருக்கிறது இன்ச் லீடு ஸ்க்ரூ, இன்ச்சுக்கு 16 திரெட்டு, ஆனா நீங்க மில்லி சார்ட் பாத்து கியர் மாட்டியிருக்கீங்க. மினி லேத் ரெண்டு வகையிலயும் வருது, பெட்டிக்குள்ள சார்ட் மாறி வந்திருக்கிறதையும் பாத்திருக்கேன். லீடு ஸ்க்ரூவையே அளந்து, அதுக்கு ஏத்த சார்ட்டுல கியர மாத்திப் போட்டுட்டு, முதல்ல ராடு மேல கோடு மட்டும் விழுற மாதிரி ஒரு ஓட்டம் விட்டு அளந்து பாத்துட்டு அப்புறம் ஆழம் குடுங்க.